எல்லாம் என் தலையில்தான் விழுகிறது என்கிற ஊக்குநருக்கு

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு பேர் இருக்கும் ஒரு மகளிர் குழுவுக்கு இந்தத் தங்கச்சி இரண்டு வருடமாக ஊக்குநர். வங்கிக்குப் போவது, நோட்டு எழுதுவது, தவணை கட்டாதவர் வீட்டுக்கு நடப்பது எல்லாம் இவர் ஒருவரே. கூட்டத்தில் கருத்துக் கேட்டால் “நீ சொன்னா சரிதான்” என்று சொல்லிவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். பயிற்சிக்குப் போன இடத்தில், சுயபரிசோதனை செய்யுங்கள், எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போகும் தலைமைப் பண்பு தானாக வரும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எப்படிச் செய்வது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பேசாமல் பொறுப்பை விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

நான் இருபது வருடத்துக்கு மேல் சேலம், தர்மபுரி பக்கம் குழுக்களோடு சுற்றியவள், பயிற்சியும் கொடுத்தவள். அதனால் உங்களை அப்படி அனுப்பிவைத்தவர்களின் கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதை ஒத்துக்கொண்டே எழுதுகிறேன்.

சுயபரிசோதனை என்றதும் நாம் என்ன செய்கிறோம்? ராத்திரி பாத்திரம் கழுவி முடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று யோசிக்கிறோம். பத்து நிமிடத்தில் இரண்டில் ஒன்று வரும். ஒன்று, “என்னை மாதிரி யார் இந்த ஊரில் ஓடுவா, ஒருத்திக்காவது நன்றி இருக்கா” என்கிற கோபம். இல்லாவிட்டால், “எனக்குத்தான் பேசத் தெரியல, நான் இதுக்கு லாயக்கில்ல” என்கிற அழுகை. கோபம் வந்தவள் அடுத்த கூட்டத்தில் கத்துவாள், அழுகை வந்தவள் ராஜினாமா கடிதம் எழுதுவாள். இரண்டிலும் கூட்டம் நடக்கிற விதம் அப்படியேதான் இருக்கும். மனசைக் கேட்டால் மனசு நமக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ ஒரு கதை சொல்லும், அவ்வளவுதான். அன்றைக்கு என்ன நடந்தது என்பதை அது சொல்லாது.

சம்பந்தமே இல்லாத ஒரு இடத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1978 டிசம்பர் 28, அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரத்துக்கு மேலே யுனைடெட் நிறுவனத்தின் 173-ம் எண் விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. சக்கரத்தை இறக்கும்போது பெரிதாக ஒரு சத்தம் கேட்டது, சக்கரம் சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று தெரியவில்லை. பயணிகளை அவசரத் தரையிறக்கத்துக்குத் தயார் செய்யச் சொல்லிவிட்டு, சக்கரத்தைப் பற்றியே யோசித்தபடி கேப்டன் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வானத்திலேயே இருந்தார். எரிபொருள் தீர்ந்தது. இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்று, விமானம் புறநகரில் மரங்களுக்கு நடுவே விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள்.

எரிபொருளைக் கவனிக்கும் விமானப் பொறியாளர் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு 15 நிமிடம் என்று கேப்டன் சொன்னபோது, 15 நிமிடம் என்றால் ரொம்பவே குறைந்துவிடும் என்று சொல்லவும் செய்தார். சொன்னார், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. கேட்டவருக்கும் அது காதோடு போய்விட்டது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தக் கேப்டன் யாரையும் அதட்டி அடக்கிய ஆள் இல்லை என்பதுதான். பயணி ஒருவருக்கும் அடிபடக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தவர். அவரை உட்காரவைத்து மனசாட்சியைத் தொட்டுச் சொல் என்றிருந்தால், எல்லோரையும் கேட்டுத்தானே செய்தேன் என்று உண்மையாகவே சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். எந்த இடத்தில் யார் சொன்னது யார் காதில் ஏறாமல் போனது என்று காட்டியது அவர் மனசாட்சி அல்ல, விமானி அறையில் ஓடிய ஒலிப்பதிவு.

அந்த மாதிரிப் பதிவுகளை வைத்துக்கொண்டுதான் 1979-ல் நாசா ஒரு பட்டறை நடத்தியது. 1981-ல் யுனைடெட் நிறுவனமே தன் விமானிகளுக்கு, கீழே இருப்பவர் சொல்வதைக் கேட்கவும் கீழே இருப்பவர் துணிந்து சொல்லவும் பயிற்சி ஆரம்பித்தது. 1989 ஜூலை 19 அன்று அதே நிறுவனத்தின் இன்னொரு விமானத்தில், எண் 232, வால் இன்ஜின் வெடித்து, விமானத்தைத் திருப்பும் வசதியே மொத்தமாகப் போய்விட்டது. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ், பயணியாக வந்த பயிற்சி விமானி ஒருவரைக்கூட உள்ளே கூப்பிட்டு இன்ஜின் விசைகளை அவர் கையில் கொடுத்தார். நான்கு பேரும் பேசிப் பேசியே சூ சிட்டி விமான நிலையம் வரை கொண்டுவந்து இறக்கினார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்று ஹெய்ன்ஸ் பிறகு பல மேடைகளில் சொன்னார்.

சரி, நம் குழுவுக்கு ஒலிப்பதிவுக் கருவி எது? தீர்மான நோட்டு.

போன ஆறு மாத நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு கூட்டம் என்றால் பன்னிரண்டு கூட்டம். ஒரு வெள்ளைத்தாளில் பதினான்கு பேர் பெயரையும் எழுதி, ஒவ்வொரு தீர்மானத்துக்கும் இந்தப் பேச்சை எடுத்தது யார், வழிமொழிந்தது யார், அந்த வேலைக்கு நடந்தது யார் என்று கோடு போடுங்கள், நாலு கோடு, குறுக்கே ஒன்று. யோசிக்கவே வேண்டாம், எண்ணுங்கள் போதும். மேட்டூர் பக்கத்தில் ஒரு குழுவில் இப்படிப் பண்ணியபோது முப்பதுக்கு மேல் தீர்மானம் இருந்தது, மூன்றோ நாலோ தவிர எல்லாம் ஊக்குநர் எடுத்த பேச்சு. ஐந்து பேர் பெயருக்கு நேராக ஒரு கோடுகூட இல்லை. அந்த ஊக்குநர் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இவங்க அஞ்சு பேரும் ஒரு கூட்டம்கூட விடாம வந்தவங்க அக்கா” என்றார்.

அப்புறம் இன்னொன்றையும் எண்ணுங்கள். “அனைவரும் ஏகமனதாக ஒப்புக்கொண்டனர்” என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்? பதினான்கு பெண்கள் ஆறு மாதம் முழுக்க, பண விஷயத்தில், ஒருமுறைகூட வேறு வேறாக நினைக்கவில்லை என்றால் அது ஒற்றுமை இல்லை தங்கச்சி. நாத்தனாரும் அண்ணியும் ஒரே குழுவில் இருக்கிற ஊர் நம்முடையது.

எண்ணிக்கை, எங்கே பார்க்க வேண்டும் என்பதைத்தான் காட்டும். என்ன நடக்கிறது என்று பார்க்க வேறு ஒரு வழி இருக்கிறது, எனக்குத் தெரிந்ததில் இதுதான் ரொம்ப உருப்படியானது. ஹார்வர்டில் இருந்த கிறிஸ் ஆர்கிரிஸ் என்ற பேராசிரியர் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. மனிதர்கள் தாங்கள் பின்பற்றுவதாகச் சொல்லும் கொள்கை ஒன்று, அவர்கள் செய்கையில் தெரியும் கொள்கை வேறு, அந்த வித்தியாசம் அவர்களுக்கே தெரிவதில்லை என்பது அவர் வாதம். 1970-களிலிருந்து அதையே விடாமல் எழுதியவர். அவர் சொன்ன பயிற்சி, நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பது. வலது பக்கம், சரியாகப் போகாத ஒரு பேச்சில் யார் என்ன சொன்னார்கள் என்று நாடகம் மாதிரி எழுத வேண்டும். இடது பக்கம், அந்தந்த வரிக்கு நேராக, நீங்கள் நினைத்தும் வாயைத் திறந்து சொல்லாதது.

அதே மேட்டூர்க் குழுவின் ஊக்குநர் எழுதிய பக்கம் ஒன்று எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வலது பக்கம் இவ்வளவுதான்:

“ஆட்டுக் கடன் பதினஞ்சாயிரம் கேட்டிருக்காங்க. குடுக்கலாம்தானே?”
“குடுக்கலாம்... ஆனா போன தடவை...”
“போன தடவை வேற, இப்ப வேற. பாவம், புள்ள படிப்பு வேற இருக்கு. எழுதிக்கலாமா?”
“சரி, நீ சொன்னா சரிதான்.”

இடது பக்கத்தில் அவரே எழுதியது: முதல் வரிக்கு நேராக, “இன்னைக்காவது ஏழு மணிக்கு முடியணும், சோறு வைக்கல.” இரண்டாவதுக்கு, “ஐயோ, இவ பழசைக் கிளப்பினா சண்டை வரும்.” மூன்றாவதுக்கு நேராகக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டே இருந்துவிட்டு எழுதினார்: “பணம் திரும்பி வருமான்னு எனக்கே சந்தேகம்தான்.”

பார்த்தீர்களா? இரண்டு பேருக்கும் ஒரே சந்தேகம். ஒருத்தி வாயைத் திறந்தாள், இன்னொருத்தி அதை அடைத்தாள், அடைத்தவளுக்கும் அதே சந்தேகம் உள்ளே இருந்தது. அந்தக் கடன் மூன்று தவணையோடு நின்றது. வசூலுக்கு யார் நடந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஊக்குநர்தான், தனியாக. கூட வரச்சொல்லிக் கூப்பிட்டதற்கு, நீதானே குடுக்கலாம்னு சொன்ன என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்களாம்.

உங்கள் கேள்விக்கு நான் சொல்ல வேண்டிய பதிலில் பாதி இங்கேயே இருக்கிறது. வேலை உங்கள் தலையில் விழுவதற்குக் காரணம் மற்றவர்களின் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறீர்கள், கொஞ்சம் அதுவும் இருக்கலாம். ஆனால் தீர்மானம் யாருடையதோ அதன் அலைச்சலும் அவருக்கே போய்ச் சேரும். “நீ சொன்னா சரிதான்” என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இது உன் விஷயம், எனக்குச் சம்பந்தமில்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் விதம் அது.

அந்த “தானே”வைக் கவனியுங்கள். குடுக்கலாம்தானே, சரிதானே, எல்லாருக்கும் புரிஞ்சுதில்ல? பதிலை உள்ளே வைத்துத் தைத்த கேள்விகள் இவை. தமிழில் இதற்கு வசதி ஜாஸ்தி. நான் பயிற்சி நடத்திய காலத்தில் கூட வேலை பார்த்த ஒருவர், என் வகுப்பு ஒன்றை டேப்பில் பதிவு செய்து கையில் கொடுத்தார். வீட்டில் போட்டுக் கேட்டேன். முக்கால் மணி நேரத்தில் என் குரல் மட்டும்தான். நடுநடுவே “என்ன, சரிதானே?” என்று நான் கேட்பதும் “சரிங்க மேடம்” என்று கோரஸ் வருவதும். வகுப்பின் தலைப்பு என்ன தெரியுமா, பங்கேற்பு! அன்றைக்கு வந்த வெட்கம் பல வருடம் உதவியது.

கேள்வியை மாற்றுங்கள். “இந்தக் கடனைக் குடுக்கக் கூடாதுன்னு ஒருத்தர் சொன்னா, என்ன காரணம் சொல்லுவாங்க?” இப்படிக் கேட்டால், எதிர்த்துப் பேசுகிறோம் என்கிற சங்கடம் இல்லாமல் எதிர்ப்பைச் சொல்ல இடம் கிடைக்கும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், இதுதான் கஷ்டம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளிக்கூட வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் ஆக்கியதும் பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். நம் கூட்டத்தில் மூன்று பத்தாது என்பது என் அனுபவம். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஏழாவதில் யாராவது தொண்டையைச் செருமுவார்கள்.

இடது பக்கம் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. “நான் ஏன் இப்படி இருக்கேன்” என்று எழுத ஆரம்பித்தால் உடனே பேனாவை மூடுங்கள். அது பழைய திண்ணை அழுகைக்கே திரும்பக் கொண்டுபோய்விடும். என்ன சொன்னேன், என்ன சொல்லாமல் விட்டேன், அதற்குப் பிறகு எதிரே இருந்தவர் என்ன செய்தார், இதற்கு வெளியே போக வேண்டாம். வாரம் ஒரு பேச்சு போதும், அரைப் பக்கம்.

இன்னும் ஒன்று இருக்கிறது, நான் பேச்சுவாக்கில் சொன்னால் பலருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். கூட்டத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். வாசலை ஒட்டி யார் உட்காருகிறார்கள், பாய்க்கு வெளியே யார், உங்கள் வீட்டில் கூட்டம் நடந்தால் உள்ளே வரவே தயங்குபவர் யார். அந்த வட்டத்திலேயே, உங்களிடம் கைமாற்று வாங்கியவர் யார், உங்கள் வீட்டுக்காரர் வயலில் கூலிக்கு வருபவர் யார், உங்கள் கொழுந்தன் பெண்டாட்டி யார் என்று குறியுங்கள். கோடு விழாத பெயர்களில் பாதி அங்கே வந்து நிற்கும். அவர்களுக்குக் கூச்ச சுபாவம், படிப்பில்லை என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். இருநூறு ரூபாய் கைமாற்று வாங்கியவர், கொடுத்தவளை எதிர்த்து எப்படிப் பேசுவார்? சாதி இருக்கும் இடத்தில் இது இன்னும் பல மடங்கு. இதை ஒரு நாளில் மாற்ற முடியாது, ஆனால் கூட்டத்தை உங்கள் வீட்டு முற்றத்திலிருந்து பள்ளிக்கூட மரத்தடிக்கு அடுத்த முறையே மாற்ற முடியும். எழுத்து வேலையைக் கையில் வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர்களை வீட்டுக்கு அனுப்புவதும் அன்றைக்கே முடியும்.

இவ்வளவும் நோட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால் பிரயோஜனம் இல்லை. இதில் ஒன்றே ஒன்றைக் கூட்டத்தில் எடுத்து வைக்க வேண்டும். மேட்டூர் ஊக்குநர் செய்தது இது: அடுத்த கூட்டத்தில், “போன தடவை ஆட்டுக் கடன் பேச்சில் அக்கா ஏதோ சொல்ல வந்தாங்க, நான் வெட்டிட்டேன். எனக்கும் அதே சந்தேகம் இருந்துச்சு, சண்டை வரும்னு மறைச்சேன். அக்கா, அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்க?” அந்த அக்கா முதலில், “அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடு” என்றார். இவர் விடாமல், பேசாமலும் உட்கார்ந்திருந்தார். பிறகு வந்தது பாருங்கள், அரை மணி நேரம், போன கடனைப் பற்றி, அதற்கு முந்தைய கடனைப் பற்றி, யாருக்கு எப்போது எவ்வளவு போனது என்று. அன்று ஏழு மணிக்குக் கூட்டம் முடியவில்லை, யார் வீட்டிலும் சோறும் வைக்கவில்லை.

ஆரம்பத்தில் சண்டை கூடத்தான் செய்யும். எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் அமெரிக்க மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை, நல்ல ஒத்துழைப்பு இருந்த வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. தவறு அங்கே அதிகம் நடந்தது என்பதைவிட, பயமில்லாமல் சொன்னார்கள் என்பதுதான் அதற்குக் காரணம் என்று அவர் கண்டுகொண்டார். உங்கள் நோட்டில் “ஏகமனதாக” குறைந்து, “இருவர் மறுப்புத் தெரிவித்தனர்” என்று வர ஆரம்பித்தால் பயப்படாதீர்கள்.

வேலையைப் பகிர்வது பற்றியும் கேட்டிருந்தீர்கள். கூட்டத் தலைமையைப் பெயர் வரிசையில் சுற்றிவிடுங்கள், பல குழுக்களில் இது ஏற்கனவே உண்டு. வங்கி வேலைதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம். அவர்களுக்குப் பயம் என்று சொல்கிறீர்கள், உங்களுக்கு முதல் தடவை இல்லையா? இரண்டு பிரதிநிதிகள் எதற்காக இருக்கிறார்கள், கூட்டுக் கையெழுத்து எதற்காக வைத்தார்கள்? ஒருவரைக் கூட்டிப் போங்கள், ஆனால் கவுன்ட்டர் வரை போகாமல் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். அவர் செலானில் தேதியைத் தப்பாக எழுதுவார், கேஷியர் சிடுசிடுப்பார், அவர் திரும்பி உங்களைப் பார்ப்பார், உங்கள் கை துறுதுறுக்கும். எழுந்திருக்காதீர்கள். இன்னொரு செலான் வாங்கி எழுதிக் கட்டிவிட்டு வருவார். அன்று ராத்திரி இடது பக்கத்தில் எழுத வேண்டியது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது என்பதுதான். என்னிடம் ஒருத்தி உண்மையைச் சொன்னாள்: “அவளுக்கும் தெரிஞ்சுட்டா அப்புறம் நான் எதுக்குன்னு தோணுச்சு அக்கா.” அதை எழுத இரண்டு வருடம் ஆனது அவளுக்கு.

எல்லாவற்றையும் பதினான்கு பேரிடம் கேட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம். வங்கித் தவணை நாளைக் கூட்டத்தில் வாக்குக்கு விட முடியாது. பாஸ்புக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதும் அப்படியே, பேச்சே கிடையாது. இந்த மாதிரிச் சிலவற்றை நீங்களே பிடிவாதமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் எவையெவை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பொறுப்பை விடுவதா என்பதற்கு: இப்போது விடாதீர்கள், கோபத்தில் விட்டால் அடுத்து வருபவர் இதே நாற்காலியில் இதே மாதிரி உட்காருவார். நாற்காலி என்று நாமாகத்தான் நினைத்துக்கொள்கிறோம், பெயரைப் பாருங்கள், தலைவி என்று வைக்கவில்லை, ஊக்குநர் என்றுதான் வைத்தார்கள். ஓடுகிற வங்கிக் கடன் முடியட்டும். அதற்கு மூன்று மாதம் முன்பே அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, நோட்டைக் கைமாற்றிவிட்டு, நீங்கள் சாதாரண உறுப்பினராக உட்காருங்கள். எந்த இடம் என்றால், வாசல் பக்கம், இதுவரை யாரும் பேசாத அந்த இடம். அங்கிருந்து பார்த்தால் கூட்டம் எப்படித் தெரிகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.